பின்பக்கம்

மெட்ரோவில் மின்சாரத்தை நிறுத்துவது
இரவு ஒன்றரைக்கு.
நாலரைக்குள் முடித்தாக வேண்டும்.
லிஸ்பனுக்கு அடியில்
அந்த மூன்று மணி நேரம்தான் என் பகல்.

அன்று என்னோடு இறங்கியவள்
சுல்மீரா ஃபல்காட்டு, எழுபத்தொரு வயது.
தலைக்கவசம் கண்வரை சரிந்தது.
சரிசெய்ய வந்த என் கையைத் தட்டிவிட்டாள்.

நடைமேடைச் சுவரில்
எண்ணூற்று அறுபத்து நான்கு ஓடுகள்.
தேஜு ஆறு கடலைத் தொடும் இடம்,
சேற்றில் ஒற்றைக்கால் நாரை.
எல்லாம் அவள் கை.
நாரைக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு துண்டு அலை.
கீழே, அலை இருக்க வேண்டிய இடத்தில்
தலைகீழாக ஒரு கண்.

இருபத்தொன்பது வருடமாக இந்த ஊர் சொல்வது:
'ஆறரைக்கு, குருட்டு நாரைக்குக் கீழே.'
என் மனைவி என்னை முதலில் காக்கவைத்ததும் அங்கேதான்.
அதைச் சொன்னேன்.
"நாரை குருடில்லை" என்றாள்.
"கொத்தன் குருடு."

பதினான்கு வயதில் தொழிற்சாலை, அக்கரையில், பார்ரெய்ரோவில்.
குளியலறை ஓரப்பட்டைக்கு நீலக் கோடு.
பதினொரு வருடம் கோடு மட்டும்.
பிறகு சொந்தமாய் ஒரு சூளை,
சூளையைவிடச் சூடாய் ஒரு கடன்.
மீன்கடைக்கு மத்தி,
கல்லறைக்கு முகம்,
புது வீடுகளுக்கு எண்.
எண் எழுதித்தான் கடன் அடைந்தது.

தூரிகையில் இருக்கும்வரை
கோபால்ட் நீலமே இல்லையாம்,
நனைந்த சாம்பலாம்.
சுடாத பூச்சு மாவு மாதிரி,
தொட்டதும் குடித்துவிடும்.
"எனக்கு அழித்துப் பழக்கமில்லை" என்றாள்.
பெருமையாகவா சொன்னாள்,
இருட்டில் தெரியவில்லை.

கொத்தன் பெயர் கசிமீரு.
திறப்பு விழாவுக்கு ஆறு நாள்; தூங்காமல் ஒட்டினான்.
தண்ணீரில் கண் வந்தபோது
மீன் என்று நினைத்தானாம்.
அமைச்சர் கைதட்டிக்கொண்டிருக்க
இவள் அவன் சட்டையைப் பிடித்தாள்.
அதன் பிறகு எந்தப் பெரிய சுவரும்
அவனுக்குக் கிடைக்கவில்லை.
"அதை நான் பார்த்துக்கொண்டேன்."
லக்சம்பர்க் போய்விட்டான் என்று கேள்வி.

உளியை வைத்தேன்.
நொறுங்கும் என்று பயந்த ஓடு
முழுசாகக் கழன்று வந்தது.
பின்பக்கத்துச் சிமெண்டைச் சுரண்டினேன்.
சூளையில் வெந்த அவள் கையெழுத்து:
119.
கையில் திருப்பினேன்.
611.

ஒன்றை அவள் வெறும் கோடாகத்தான் எழுதுவாள்.
ஆறுக்கும் ஒன்பதுக்கும் அடியில்
ஒரு சின்னக் கோடு போடுவது தொழிலில் வழக்கம்.
அது இல்லை.

"இன்னொன்றை எடு."
கண் இரண்டாய்ப் பிளந்து வந்தது.
அதன் முதுகிலும் அதே எண்,
எந்தப் பக்கம் பிடித்தாலும் சரியாக.
விளக்கை இன்னும் கிட்டக் கொண்டுவரச் சொன்னாள்.
கண்ணாடியைத் துடைத்தாள்.
மறுபடி துடைத்தாள்.
தண்டவாளத்தில் எலி ஒன்று ஓடியது,
நின்றது, ஓடியது.

மணி மூன்று ஐம்பது.
பசை இறுகத் தொடங்கிவிட்டது.
"என்ன செய்யட்டும்?"
பையிலிருந்த இரண்டு புது ஓடுகளையும்
பேசாமல் நீட்டினாள்.
ஒட்டினேன். நாரை எங்களைப் பார்த்தது.

இரண்டு வாரத்தில் புகார்கள் வந்தன.
ஒருவன் சுவரிலேயே மார்க்கரால் எழுதினான்:
'எங்கள் குருட்டு நாரையை யார் திருடியது?'
அதைத் துடைத்ததும் நான்தான்.

முகவரி என் அத்தை மகன் தேடிக்கொடுத்தது.
எஷ் நகரம், மில் தெரு, வீட்டு எண் 96.
பிளந்த கண்ணைத் துணியில் சுற்றி
ஷூ பெட்டியில் வைத்தாள்.
கடிதம் இல்லை.
"இதுவே போதுமா?" என்றேன்.
"கனமாகத்தானே இருக்கிறது" என்றாள்.

தபால் நிலையத்தில் வரிசை நீளம்.
என் முறை வரும் நேரத்தில்
பெட்டியை என் கையிலிருந்து வாங்கி,
பேனா கேட்டு,
96க்கு அடியில்
கோடு போட்டாள்.